பழைய பிக்கப்பில் அதிர்வு: கிராஸ் ஜாயின்ட் வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகளும் அதன் பின் செய்ய வேண்டிய வேலையும்

பழைய பிக்கப் வண்டி ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அதிரத் தொடங்கியதும், பலரும் முதலில் சக்கரங்களைப் பேலன்ஸ் செய்கிறார்கள். அதிர்வு நிற்காவிட்டால் டயரை மாற்றுகிறார்கள். அதற்கும் நிற்காவிட்டால் கிராஸ் ஜாயின்ட் (ஷாஃப்டின் முனையில் கோணம் மாறினாலும் சுழல விடும் சிலுவை வடிவ இணைப்பு), சென்டர் பேரிங் (இரண்டு துண்டு ஷாஃப்டை நடுவில் தாங்கும் பேரிங்) என்று ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டே போகிறார்கள். எந்தப் பாகத்தின் சுழற்சியோடு அதிர்வு சேர்ந்து வருகிறது என்பதை முதலில் கண்டுபிடித்துவிட்டால், இந்தச் செலவில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

சக்கரமும், கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் சக்கரம் வினாடிக்குச் சுமார் 10 முறை சுழலும். பின் அச்சின் பல் விகிதம் 4 என்றால், ஷாஃப்ட் அதே நேரத்தில் 40 முறை சுழலும். ஷாஃப்டின் கோணம் தவறாக இருந்தால் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை அதிர்வு எழும் என்பதால், அது வினாடிக்கு 80 ஆகிவிடும். ஆகவே ஸ்டீயரிங்கிலோ இருக்கையிலோ மெதுவான ஆட்டமாக உணரப்படுவது பெரும்பாலும் சக்கரத்தின் கோளாறு. தரைத்தகட்டில் காலுக்குக் கீழே ரீங்காரம் போல வருவது பெரும்பாலும் ஷாஃப்டின் கோளாறு.

சாலையில் செய்ய வேண்டிய சோதனை

போக்குவரத்து இல்லாத நேரான சாலையில், குறிப்பெடுக்க ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். அதிர்வு எந்த வேகத்தில் தொடங்குகிறது, எந்த வேகத்தில் உச்சம் அடைகிறது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, அதே வேகத்தில் ஒரு கியர் குறைத்து ஓட்டிப் பாருங்கள். இன்ஜின் சுற்று கூடியும் அதிர்வு மாறாமல் இருந்தால், இன்ஜினும் கிளட்ச்சும் காரணம் அல்ல. அதை உறுதிசெய்ய, வண்டியை நிறுத்தி நியூட்ரலில் வைத்து, அதிர்வு வந்தபோது இருந்த அதே சுற்றுக்கு இன்ஜினை உயர்த்துங்கள். நின்ற இடத்திலேயே அதிர்ந்தால் இன்ஜினைத் தாங்கும் மவுன்ட்டிலிருந்து தேடத் தொடங்கலாம்.

அடுத்து, அதிர்வு வரும் வேகத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தியும் விட்டும் பாருங்கள். இந்த ஒரு சோதனை சொல்லும் அளவுக்கு வேறு எதுவும் சொல்லாது என்பது என் கருத்து. அழுத்தும்போது மட்டும் அல்லது விடும்போது மட்டும் அதிர்வு வந்தால், தேய்ந்த ஜாயின்ட், தவறான கோணம், பினியன் (ஷாஃப்ட் சுழற்றும், பின் அச்சின் சிறிய பல்சக்கரம்) பேரிங், கியர்பாக்ஸ் மவுன்ட் ஆகியவற்றில் ஒன்றைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டு நிலையிலும் ஒரே மாதிரி இருந்தால், எடைச் சமநிலை குலைந்திருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு துண்டு ஷாஃப்ட் உள்ள வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது மட்டும் குலுங்கினால், சென்டர் பேரிங்கையும் அதன் உயரத்தையும் முதலில் பார்க்கவும். ஓடும்போது எந்தக் காரணத்துக்காகவும் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைக்காதீர்கள். ஸ்டீயரிங்குக்கும் பிரேக்குக்கும் கிடைக்கும் உதவி நின்றுவிடும்.

வண்டிக்கு அடியில்

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இரு புறமும் கட்டை வைத்து, பின் பகுதியை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டுகளைச் சட்டத்துக்கு அடியில் வைக்காமல் பின் அச்சின் ஹவுசிங்குக்கு அடியில் வையுங்கள். சட்டத்தில் தாங்கினால் அச்சு கீழே தொங்கி, ஷாஃப்டின் கோணம் சாலையில் இருப்பதுபோல் இல்லாமல் மாறிவிடும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக்கை விடுவித்தால், ஷாஃப்டைக் கையாலேயே சுழற்றலாம்.

குழாயில் நெளிவு இருக்கிறதா, பேலன்ஸ் எடைத்தகடு விழுந்துபோய் வெல்டிங் தழும்பு மட்டும் மிஞ்சியிருக்கிறதா, காய்ந்த சேறோ தாரோ ஒரு பக்கமாக ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சேற்றைச் சுரண்டி எடுத்ததுமே அதிர்வு நின்றுவிடுவதும் உண்டு. ஜாயின்ட்டின் நான்கு முனைகளையும் மூடியிருக்கும் கப்புகளின் ஓரங்களில் செந்நிறத் துருத்தூள் படிந்திருந்தால், உள்ளே கிரீஸ் வற்றி நீடில் ரோலர்கள் (ஊசி போன்ற மெல்லிய உருளைகள்) அரைபட்டுக்கொண்டிருக்கின்றன என்று பொருள். ஜாயின்ட்டின் இரு பக்க யோக்குகளையும் (ஜாயின்ட்டைப் பிடித்திருக்கும் கவை போன்ற பாகங்கள்) இரு கைகளால் பிடித்து எதிரெதிராகத் திருப்புங்கள். ஷாஃப்ட் முழுவதுமாகச் சற்று அசைவது டிஃபரன்ஷியல் பற்களின் இடைவெளியால் வருவது, அது இயல்பு. ஒரு யோக் அசைந்து மற்றது அசையாமல் நின்றால்தான் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது.

சென்டர் பேரிங்கின் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்றும், பினியன் முனை மேலும் கீழும் ஆடுகிறதா என்றும் பாருங்கள். பினியன் ஆடினால் அதன் நட்டை இறுக்கிச் சமாளிக்க முயலாதீர்கள். பேரிங்கின் முன்னழுத்தம் (பொருத்தும்போது அளவாக வைத்த இறுக்கம்) கெட்டுவிடும். அந்த வேலையை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

கழற்றுவதும் மாட்டுவதும்

ஒரு போல்ட்டைத் தொடும் முன், ஷாஃப்டும் பினியன் ஃபிளாஞ்சும் (போல்ட் போடும் தட்டு) சேரும் இடத்திலும் ஸ்லிப் ஜாயின்ட்டிலும் (ஷாஃப்ட் நீளவும் குறுகவும் விடும் பல் இணைப்பு) பெயின்ட்டால் நேர்க்கோடு போடுங்கள். ஒரு பல் தள்ளி மாட்டினாலே, இரு முனை யோக்குகளும் ஒரே தளத்தில் நில்லாமல், நல்ல ஷாஃப்டும் அதிரத் தொடங்கும். முன்பு யாராவது தவறாக மாட்டியிருக்கக்கூடும் என்பதால், இப்போதே ஷாஃப்டை நீளவாக்கில் பார்த்துச் சரிபாருங்கள். சில வண்டிகளின் பல துண்டு ஷாஃப்டுகளில் யோக்குகள் தயாரிப்பிலேயே விலகி அமைந்திருக்கும் என்பதால் வண்டியின் கையேட்டையும் பார்த்துக்கொள்ளவும். ஷாஃப்டைக் கழற்றிய பின் கியரில் போட்டாலும் வண்டி நிற்காது. ஷாஃப்டைத் திரும்ப மாட்டும் வரை சக்கரக் கட்டைகளை எடுக்க வேண்டாம்.

வெளியே எடுத்ததும் ஜாயின்ட்டை மெதுவாக வளைத்துப் பாருங்கள். நேராக வரும் இடத்தில் மட்டும் 'கடக்' என்று பிடித்தால், ரோலர்கள் ஒரே இடத்தில் பள்ளம் போட்டுவிட்டன. ஆட்டம் தெரியாவிட்டாலும் அந்த ஜாயின்ட்டை மாற்ற வேண்டும்.

கப்புகளைப் பிடித்திருக்கும் கிளிப்புகளை எடுத்துவிட்டு, ஒரு பக்கம் சிறிய சாக்கெட்டும் மறுபக்கம் கப் நுழையும் அளவுக்குப் பெரிய சாக்கெட்டும் வைத்து, வைஸில் அழுத்திப் பழைய கப்புகளை வெளியேற்றுங்கள். குழாயை வைஸில் நேரடியாகப் பிடித்தால் நெளிந்துவிடும். துளையைச் சுத்தம் செய்து புதிய கப்பைப் பொருத்தும்போது, உள்ளே ஒரு ரோலர் சாய்ந்து கப்பின் அடியில் விழுந்துவிடுவதுதான் புதியவர்களுக்கு அடிக்கடி நேரும் சிக்கல். கப் உள்ளே போகாமல், கிளிப் விழ ஓர் இழை இடம் குறைந்தால், சுத்தியலால் அடிக்காமல் திரும்ப எடுத்துப் பாருங்கள். கிளிப்புகள் விழுந்த பின் ஜாயின்ட் இறுக்கமாக இருந்தால், யோக்கின் காதுகளில் மென்மையான சுத்தியலால் லேசாகத் தட்டினால் தளர்ந்துவிடும். கிரீஸ் செலுத்தும் நிப்பிள் உள்ள ஜாயின்ட்டில் நான்கு கப்புகளின் ஓரத்திலும் கிரீஸ் எட்டிப்பார்க்கும் வரை செலுத்த வேண்டும். போல்ட்டுகளைக் கையேட்டில் சொன்ன டார்க்கில் (இறுக்க அளவில்) இறுக்குங்கள்.

கோணம்

லீஃப் ஸ்பிரிங் மாற்றியதாலோ உயரத்தைக் கூட்டியதாலோ அதிர்வு தொடங்கியிருந்தால், ஜாயின்ட்டைவிடக் கோணமே முக்கியம். வண்டி வழக்கமான உயரத்தில் நிற்க, கோணமானியால் கியர்பாக்ஸ் வெளியச்சு, ஷாஃப்ட், பினியன் மூன்றின் சாய்வையும் அளந்துகொள்ளுங்கள். கியர்பாக்ஸ் 3 டிகிரி, ஷாஃப்ட் 5 டிகிரி, பினியன் 3 டிகிரி என்று மூன்றும் ஒரே திசையில் சாய்ந்திருந்தால், இரு ஜாயின்ட்டுகளிலும் 2 டிகிரி கோணம் இருக்கிறது. இது நல்ல நிலை. இரு கோணங்களுக்கும் இடையே 1 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது. நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியில் ஒவ்வொன்றும் சுமார் 3 டிகிரிக்குள் இருப்பது நல்லது. தளர்ந்த ஸ்பிரிங்கையும் யூ-போல்ட்டையும் கிழிந்த மவுன்ட்டையும் சரிசெய்த பிறகே, அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே ஆப்புத்தகடு வைப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ரீங்காரம் மிஞ்சினால், ஃபிளாஞ்சின் அமைப்பு இடம் தரும் பட்சத்தில் ஷாஃப்டைப் பினியன் பக்கம் 180 டிகிரி திருப்பி மாட்டிப் பாருங்கள். அதற்கும் குறையாவிட்டால் ஷாஃப்ட் பேலன்ஸ் செய்யும் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் முதலில் குறித்துவைத்த அதே வேகத்தில், அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள். பழைய அதிர்வு நின்று வேறொரு வேகத்தில் புதிதாக ஒன்று தெரிந்தால், அது பெரிய அதிர்வில் மறைந்திருந்த இரண்டாவது கோளாறாக இருக்கக்கூடும். அதற்கும் சாலைச் சோதனையை முதலிலிருந்தே தொடங்க வேண்டும்.