மிடி கன்ட்ரோலரால் மேடை விளக்குகளை இயக்குவது: க்யூஎல்சி பிளஸ், ஏபிசி மினி வைத்து ஒரு செய்முறை

மவுஸை வைத்துக்கொண்டும் மேடை விளக்குகளை இயக்கலாம். ஆனால் ஒரு ஃபேடரை (மேலும் கீழும் தள்ளும் கட்டுப்பாட்டை) ஏற்றிக்கொண்டே இன்னொன்றை இறக்க மவுஸால் முடியாது. கண் மேடையில் இருக்க வேண்டிய நேரத்தில் திரையில் பட்டனைத் தேடிக்கொண்டிருப்போம். அதனால்தான் பலரும் பட்டன்களும் ஃபேடர்களும் உள்ள ஒரு சின்ன மிடி கன்ட்ரோலரை வாங்கிவிடுகிறார்கள்.

மிடி என்பது 1983-இல் இசைக்கருவிகளை இணைக்க வந்தது. விளக்குகள் புரிந்துகொள்வது டிஎம்எக்ஸ்512. அது 1986-இல் வந்தது. இரண்டும் நேரடியாகப் பேசிக்கொள்ளாது, நடுவில் ஒரு மென்பொருள் வேண்டும். இங்கே க்யூஎல்சி பிளஸ் மென்பொருளின் 4-ஆம் பதிப்பை எடுத்துக்கொள்கிறேன். இலவசம், திறமூலம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கன்ட்ரோலர், அகாய் ஏபிசி மினியின் முதல் மாடல்: 64 பட்டன்கள், 9 ஃபேடர்கள். இவை தவிர, கணினியை விளக்குகளோடு இணைக்கும் யுஎஸ்பி-டிஎம்எக்ஸ் இன்டர்ஃபேஸ் ஒன்றும், எல்இடி பார் விளக்குகள் நான்கும் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

1. முதலில் விளக்கு, பிறகு கன்ட்ரோலர்

புதியவர்கள் கன்ட்ரோலரைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் மேப்பிங்கில், அதாவது எந்தப் பட்டன் எதை இயக்கும் என்று இணைப்பதில், இறங்கிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். விளக்கு மவுஸுக்கே எரியாவிட்டால் பட்டனுக்கும் எரியாது.

மென்பொருளின் ஃபிக்சர்ஸ் டேபில் (அந்தப் பெயருள்ள பக்கத்தில்) விளக்குகளைச் சேருங்கள். நிறம், வெளிச்சம் போன்ற ஒவ்வொன்றையும் கட்டுப்படுத்தும் எண்தான் சேனல். ஒவ்வொரு விளக்கும் 7 சேனல் மோடில் இருந்தால் முகவரிகள் 1, 8, 15, 22 என்று போகும். விளக்கின் பின்புறத் திரையிலும் இதே எண்களும் இதே மோடும் இருக்க வேண்டும். பிறகு ஃபங்ஷன்ஸ் டேபில் சிவப்பு, நீலம், ஆம்பர், வெள்ளை என நான்கு சீன்கள் (சேமித்துவைத்த விளக்கு அமைப்புகள்) செய்யுங்கள். நிறச் சேனலை முழுக்க ஏற்றியும் விளக்கு எரியவில்லையா? பெரும்பாலும் மொத்த வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் டிம்மர் சேனல் சுழியத்தில் கிடக்கும்.

2. கன்ட்ரோலரை அறிமுகப்படுத்துங்கள்

இன்புட்/அவுட்புட் டேபில் முதல் யூனிவர்ஸை (டிஎம்எக்ஸ் சேனல்களின் தொகுப்பை) தேர்ந்தெடுங்கள். டிஎம்எக்ஸ் இன்டர்ஃபேஸ் வரியில் அவுட்புட் பெட்டியை டிக் செய்யுங்கள். ஏபிசி மினி வரியில் இன்புட், ஃபீட்பேக் (பட்டன் வெளிச்சத்துக்காகக் கன்ட்ரோலருக்குத் திரும்பிப் போகும் தகவல்) இரண்டை மட்டும் டிக் செய்யுங்கள். அங்கே அவுட்புட்டைத் தொடவே வேண்டாம். தொட்டால் விளக்குக்குப் போக வேண்டிய தகவல் கன்ட்ரோலருக்கும் போய், பட்டன்கள் தாறுமாறாக மினுக்கும். உள்ளே வரும் தகவலை அப்படியே வெளியே அனுப்பும் பாஸ்த்ரூவையும் அணைத்தே வையுங்கள்.

பக்கத்திலுள்ள ப்ரொஃபைல் பட்டியலில் ஏபிசி மினியைத் தேர்ந்தெடுங்கள். இப்போது ஏதாவது ஒரு ஃபேடரை அசைத்துப் பாருங்கள்: யூனிவர்ஸின் பெயருக்கு அருகில் சின்ன ஜாய்ஸ்டிக் படம் தோன்றினால் தகவல் வந்து சேருகிறது. கன்ட்ரோலரே பட்டியலில் இல்லையென்றால், இசை மென்பொருள் எதுவும் பின்னால் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸில் ஒரு மிடி போர்ட்டை ஒரு மென்பொருள் பிடித்துக்கொண்டால் இன்னொன்றுக்குப் பெரும்பாலும் கிடைக்காது.

3. பட்டன்கள்

விர்ச்சுவல் கன்சோல் டேபில் முதலில் ஒரு சோலோ ஃபிரேம் போடுங்கள். நான்கு சீன்களுக்கான பட்டன்களும் அதற்குள் வரட்டும். இதைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். க்யூஎல்சி பிளஸில் நிறச் சேனல்களுக்கு உயர்ந்த மதிப்பே வெல்லும். அதனால் சிவப்பு ஓடும்போது நீலத்தை அழுத்தினால் நீலம் வராது. இரண்டும் கலந்து ரோஸ் கலந்த ஊதா வரும். சோலோ ஃபிரேமுக்குள் ஒன்றை அழுத்தினால் மற்றது தானாக நின்றுவிடும்.

அடுத்து, ஒரு பட்டனை இரட்டைக் கிளிக் செய்து அதன் பண்புகளைத் திறங்கள். ஃபங்ஷன் இடத்தில் சீனைக் கொடுங்கள். எக்ஸ்டர்னல் இன்புட் பகுதியில் ஆட்டோ டிடெக்ட்டை அழுத்திவிட்டு, ஏபிசி மினியில் விரும்பிய பட்டனைத் தட்டுங்கள். சேனல் எண் தானாக நிரம்பும். ஆட்டோ டிடெக்ட்டை அணைத்துவிட்டு ஓகே கொடுங்கள். மேப்பிங் என்பது இவ்வளவுதான்; மற்ற பட்டன்களுக்கும் இதையே செய்யுங்கள்.

ஸ்ட்ரோபுக்கு (விளக்கு வேகமாக மினுக்கும் விளைவுக்கு) மட்டும், ஒருமுறை அழுத்தினால் ஓடிக்கொண்டே இருக்கும் டாகிளை விட்டுவிட்டு ஃப்ளாஷைத் தேர்ந்தெடுங்கள். விரலை எடுத்ததும் நிற்க வேண்டிய விளைவு அது. டாகிளில் மறந்து விட்டால் பார்வையாளர்களில் சிலருக்கு உடல்நலச் சிக்கலே வரலாம்.

4. பட்டனில் வெளிச்சம்

எந்த சீன் ஓடுகிறது என்பதைக் கன்ட்ரோலரே காட்ட வேண்டும். இல்லையென்றால் திரும்பவும் திரையைத்தான் பார்க்கப் போகிறீர்கள். முதல் மாடலில் மிடி மதிப்பு 1 பச்சை, 3 சிவப்பு, 5 மஞ்சள். க்யூஎல்சி பிளஸ் 0 முதல் 255 வரை எண்ணும். மிடி 127-லேயே நின்றுவிடும். ஆகவே பட்டனின் பண்புகளிலுள்ள கஸ்டம் ஃபீட்பேக்கில் ஏறக்குறைய இரட்டிப்பு எண்ணைக் கொடுக்க வேண்டும்: பச்சைக்கு 3, சிவப்புக்கு 7, மஞ்சளுக்கு 11. கீழ் மதிப்பில் மஞ்சள், மேல் மதிப்பில் பச்சை வைத்தால், தயாராக இருக்கும் பட்டன் மஞ்சளாகவும் ஓடுவது பச்சையாகவும் தெரியும். ஒன்றுமே மேப் செய்யாத பட்டன் இருட்டாக இருக்கும். இருட்டு மேடை ஓரத்தில் இது பெரிய உதவி.

இரண்டாம் மாடல் வைத்திருப்பவர்களுக்கு இந்த எண்கள் பொருந்தாது. அதன் நிற முறையே வேறு.

5. ஃபேடர்கள்

ஸ்லைடரைப் போட்டு, அதே ஆட்டோ டிடெக்ட் முறையில் இணைக்கலாம். ஸ்லைடருக்கு மூன்று மோடுகள். லெவல், சேனல்களை நேரடியாக ஏற்றி இறக்கும். பிளேபேக், ஒரு சீனின் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும். சப்மாஸ்டர், தான் இருக்கும் ஃபிரேமிலுள்ள எல்லாவற்றையும் சேர்த்துக் குறைக்கும். தொடக்கத்தில் பிளேபேக் போதும். எட்டு ஃபேடர் இருக்கிறதே என்று எட்டையும் நிரப்ப வேண்டாம். பெயர் பார்க்காமல் கை போகிற இடங்கள் நான்கோ ஐந்தோ இருந்தால் நிகழ்ச்சி ஓடிவிடும்.

ஒன்பதாவது ஃபேடரை, எல்லா விளக்குகளின் வெளிச்சத்தையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும் கிராண்ட் மாஸ்டருக்கு ஒதுக்குங்கள். இதன் எக்ஸ்டர்னல் இன்புட், விர்ச்சுவல் கன்சோல் அமைப்புகளுக்குள் தனியாக இருக்கிறது. இதில் ஒரு பொறி உண்டு. இந்த ஃபேடர்களில் மோட்டார் கிடையாது, தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று தாமாகச் சொல்லவும் சொல்லாது. திரையில் கிராண்ட் மாஸ்டர் 100 சதவீதம், கையில் ஃபேடர் அடியில். அதை லேசாகத் தொட்டாலே மேடை முழுக்க இருட்டு. மென்பொருளைத் திறந்தவுடன் ஒன்பதாவது ஃபேடரை மேலே தள்ளிவிடுங்கள். மற்ற ஸ்லைடர்களுக்கு, கேட்ச் அப் என்று தொடங்கும் பெட்டியைப் பண்புகளில் டிக் செய்தால், ஃபேடர் பழைய மதிப்பை எட்டும்வரை ஒன்றும் நகராது.

மெதுவாக இருட்டாக்கும்போது எல்இடி விளக்கு படிப்படியாகத் துள்ளுவதைக் கவனித்திருப்பீர்கள். மிடியில் 128 படிகள்தான். அதனால் டிஎம்எக்ஸ் மதிப்பு இரண்டிரண்டாகத் தாவுகிறது, அடிமட்ட வெளிச்சத்தில் அது கண்ணுக்குத் தெரிகிறது. நீண்ட ஃபேடுக்குக் கையை நம்பாமல் சீனிலேயே ஃபேட் நேரம் கொடுத்து, அதை ஒரு பட்டனில் வையுங்கள்.

6. ஓட்டிப் பாருங்கள்

விசைப்பலகையில் கன்ட்ரோல், எஃப்12 இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஆபரேட் மோடுக்கு (நிகழ்ச்சியை ஓட்டும் நிலைக்கு) மாறும். எல்லாப் பட்டனையும் ஒருமுறை அழுத்துங்கள். பிறகு யுஎஸ்பி வயரைப் பிடுங்கி, மறுபடி செருகி, இன்புட் வருகிறதா என்று பாருங்கள். நிகழ்ச்சி நாளன்று யாராவது வயரை மிதிப்பார்கள். வரவில்லையென்றால் இன்புட்/அவுட்புட் டேபில் டிக்கை எடுத்து மீண்டும் போடுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் சேமித்துவிட்டு மென்பொருளை மூடித் திறக்க வேண்டியதுதான்.