பல்செட்டைப் பேணும் முறை
கழற்றி மாட்டும் பல்செட்டுகள் பெரும்பாலும் அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. கைதவறி விழுந்தாலே விரிசல் விடக்கூடும் என்பதால், கழுவும்போது கீழே தண்ணீர் நிறைந்த பாத்திரத்தையோ மடித்த துண்டையோ வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறை உண்டபின்பும் கழற்றி அலச வேண்டும். நாள்தோறும் ஒரு முறையாவது மென்மையான பிரஷ்ஷில் மிதமான சோப்புத் தண்ணீரைத் தொட்டு, ஈறின்மேல் படியும் உட்புறத்தையும் விடாமல் தேய்த்து, நன்றாகக் கழுவிய பிறகே மாட்டிக்கொள்ளுங்கள். பற்பசை வேண்டாம், அதிலுள்ள நுண்துகள்கள் அக்ரிலிக்கைக் கீறிவிடுகின்றன, அந்தக் கீறல்களில் வெற்றிலைக் கறையும் கிருமிகளும் தங்கிவிடுகின்றன. கிருமி சாகட்டும் என்று கொதிநீரில் போட்டால் செட்டு வளைந்து, பிறகு வாயில் பொருந்தாமலே போகும்.

எல்லாவற்றையும்விட நான் வலியுறுத்துவது, இரவில் கழற்றி வைப்பதைத்தான். உறக்கத்தில் உமிழ்நீர் குறைவாகவே சுரக்கும். அப்போதும் செட்டு மேலண்ணத்தை மூடியே இருந்தால் அது சிவந்து பூஞ்சைத் தொற்று ஏற்பட வாய்ப்பு மிகுதி, நீரிழிவு உள்ளவர்களுக்கோ இன்னும் மிகுதி. கழற்றியதும் ஈறுகளையும் நாக்கையும் ஈரத்துணியால் மெல்லத் துடைத்துவிட்டு, செட்டை மூடியுள்ள கிண்ணத்தில் சாதாரணத் தண்ணீரில் மூழ்கவைக்க வேண்டும். உலரவிட்டால் அதன் வடிவம் மாறக்கூடும். உலோகக் கம்பி உள்ள செட்டைப் பிளீச்சிங் கரைசலில் ஊறவைக்கக் கூடாது.

பற்கள் இல்லாத தாடையெலும்பு ஆண்டுகள் செல்லச்செல்லத் தேய்வதால், முன்பு கச்சிதமாக இருந்த செட்டும் தளர்ந்துவிடும். அப்போது வீட்டிலேயே அரத்தால் ராவுவதும் உடைந்ததைப் பசையால் ஒட்டுவதும் வாயைப் புண்ணாக்கும். பல் மருத்துவரிடமே காட்டுங்கள்.