மழைநீர் வீட்டுக்குள் வராதிருக்க: தரைமட்ட ஜன்னல், கதவுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டன், வட்டவளை, கினிகத்தேனைப் பகுதிகளில் மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும், பதுளை, பசறைப் பகுதிகளில் ஒக்டோபருக்குப் பின் மழை வலுத்ததும், தரையை ஒட்டிய ஜன்னல்களின் அடியிலும் முற்றத்துக் கதவின் படியிலும் நீர் கசியத் தொடங்குகிறது. உடனே கடைக்குப் போய் ஒரு சிலிக்கன் குழாய் வாங்கி வந்து இடுக்குகளை அடைப்பதுதான் பலரும் செய்கிற முதல் வேலை. உண்மையில் அது கடைசியாகச் செய்ய வேண்டியது. நீரைக் கதவில் வைத்துத் தடுக்க முயல்வதே மற்றத் தவறுகளுக்கெல்லாம் வேர்; அது கதவருகே வந்து சேராமல் பார்த்துக்கொள்வதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மலையகத்தில் சமதரை அரிது. ஏழு பேர்ச்சஸ் காணியில் கட்டிய தனி வீடானாலும், தோட்டத்து வரிசை வீடான லயத்தின் பின்னால் நீட்டிக் கட்டிய குசினியானாலும், சரிவை வெட்டித்தான் இடம் எடுத்திருப்போம். பின்சுவருக்கும் மண்கரைக்கும் இடையில் ஓர் ஆள் நடக்கும் அகலமே மிஞ்சியிருக்கும். மேலிருந்து இறங்கும் நீரெல்லாம் அந்த ஒடுக்கத்தில் வந்து விழும்போது, அங்குள்ள கானை, அதாவது வடிகாலை, தேயிலைச் செடி வெட்டிய கவ்வாத்துச் செத்தையும் இடிந்த மண்ணும் நிரப்பியிருந்தால், நீர் ஏறி ஜன்னலின் அடிக்கட்டையைத் தொட்டுவிடும். எனவே மழைக்காலத்துக்கு முன்பு ஒரு தடவையும், ஒவ்வொரு பெருமழைக்குப் பின்பும் கானை அள்ள வேண்டும். அது எங்கே போய் முடிகிறது என்பதையும் நடந்து போய்ப் பார்க்க வேண்டும்; கீழ்வீட்டு வாசலில் முடியும் கான் நம் சிக்கலை அயலவர் தலையில் கட்டுகிறது. இடம் போதவில்லை என்று கரையின் அடியைச் செதுக்கி அகலமாக்குவது மிகப் பெரிய தவறு, ஏனென்றால் கரையின் கால் அறுபட்டால் நனைந்த மண் ஜன்னலோடு சேர்த்துச் சுவரையும் தள்ளும். அணைச்சுவர் இருந்தால், அதிலுள்ள வடிகுழாய்களைப் பார்வைக்கு அழகில்லை என்று சீமெந்தால் பூசி மூடிவிடவும் கூடாது.

கூரைத் தகரத்துக்குப் பீலி பொருத்தாமல் விடுவதும் இதே வகைத் தவறுதான். மேலிருந்து நேராக விழும் நீர் தரையில் மோதித் தெறித்து, கதவின் அடிப்பகுதியை நாளெல்லாம் நனைக்கிறது.

முன்பக்கத்தில் தவறு பெரும்பாலும் டைல் பதிக்கும்போதே நேர்கிறது. பழைய சீமெந்துத் தளத்தின் மேலேயே டைல் ஒட்டுவதால் வெளித்தளம் உயர்ந்து, உள்தளத்தோடு சமமாகிவிடுகிறது. படி என்ற ஒன்றே இல்லாமல் போகிறது. வெளித்தளம் உள்தளத்தைவிடத் தாழ்ந்திருப்பதோடு, ஒரு மீற்றருக்கு ஒன்று முதல் இரண்டு சென்ரிமீற்றர் வரை வெளிநோக்கிச் சரிந்திருக்கவும் வேண்டும். மேசனுக்குக் கூலி கொடுப்பதற்கு முன் ஒரு வாளி நீரை ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள்.

அலுமினியச் சறுக்குக் கதவுகளின் கீழ்ச்சட்டத்தில், வெளிப்புறமாக, விரல் நகம் அளவில் சில துளைகள் இருக்கும். காற்றோடு அடிக்கும் மழையில் சட்டத்துக்குள் சிறிதளவு நீர் புகுவது இயல்பு. அது வெளியேறுவதற்காகவே அந்தத் துளைகள் வைக்கப்பட்டுள்ளன. நீர் வரும் ஓட்டை என்று எண்ணி அவற்றைச் சிலிக்கனால் அடைத்தால், சட்டம் தொட்டியாக நிரம்பி, நீர் வீட்டுக்குள்தான் வழியும். துளைகளில் மண் அடைந்திருந்தால் ஈர்க்குக் குச்சியால் குத்திவிட்டாலே போதும்.

மரக் கதவு மழையில் ஊதி இறுகியதும் தச்சரை அழைத்துச் சீவிவிடுவார்கள். வெயில் காலத்தில் அதே கதவு சுருங்கும்போது விழுகிற இடைவெளியில் அடுத்த மழை நேராக உள்ளே வரும். சீவுவதைக் காய்ந்த பருவத்துக்கு ஒத்திவைத்து, அப்போது கதவைக் கழற்றி, யாருமே பெயின்ற் அடிக்காத அதன் அடிவிளிம்புக்கும் பெயின்ற் அடியுங்கள். நீரை அதிகம் உறிஞ்சுவது அந்த விளிம்புதான்.

அவசரத்துக்கு மண்மூட்டை அடுக்குவோர் உரப்பையை வாய்வரை நிரப்பிவிடுகிறார்கள். அவை விறைத்து, ஒன்றோடொன்று பொருந்தாமல் நீருக்கு வழிவிடும். பாதிக்குச் சற்று மேல் நிரப்பி, வெளிப்பக்கம் பொலித்தீன் விரித்து, செங்கல் கட்டுவதுபோல் மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். ஆனால் வெளியேறும் ஒரே கதவை ஒருபோதும் அடைக்காதீர்கள். கரையில் வெடிப்பு தெரிந்தாலோ, ஊற்றுநீர் திடீரெனக் கலங்கி வந்தாலோ, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் பிரதேசத்துக்குச் சிவப்பு மண்சரிவு எச்சரிக்கை விடுத்தாலோ, ஜன்னலையும் மூட்டையையும் அப்படியே விட்டுவிட்டு, பிள்ளைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு உடனே பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட வேண்டும்.