சாம்பியன்ஷிப்பிலிருந்து ஏறி வரும் அணி ப்ரீமியர் லீக்கில் தாக்குப்பிடிக்குமா? முன்கூட்டியே கணிப்பது எப்படி

ஒவ்வொரு ஆகஸ்டிலும் இங்கிலாந்து கால்பந்தின் இரண்டாம் நிலை லீக்கான சாம்பியன்ஷிப்பிலிருந்து மூன்று புதிய அணிகள் முதல் நிலை லீக்கான ப்ரீமியர் லீக்குக்குள் வருகின்றன, உடனே "கீழே எல்லாரையும் அடிச்சு நொறுக்கிட்டு வந்திருக்காங்க, கண்டிப்பா நிலைச்சு நிப்பாங்க" என்று பேச்சு கிளம்பும். 2023-24ல் அப்படி வந்த பர்ன்லி, ஷெஃபீல்ட் யுனைடெட், லூட்டன் மூன்றும் அதே சீசனில் இறங்கின. அடுத்த வருடம் லெஸ்டர், இப்ஸ்விச், சவுத்தாம்ப்டன் மூன்றுக்கும் அதே கதிதான். அதற்கு முன்னால் ப்ரீமியர் லீக்கில் இப்படி நடந்தது ஒரே ஒரு தடவை, 1997-98ல். ஆக, இரண்டு லீக்குக்கும் உள்ள இந்த இடைவெளியை அளக்கக் கற்றுக்கொள்வது இப்போது உண்மையாகவே தேவைப்படுகிறது. சாம்பியன்ஷிப் மேட்ச் ஒன்றிரண்டை முழுசாகப் பார்க்கும் பொறுமை இருந்தால் போதும், யாரும் செய்யலாம்.

முதலில் புள்ளிப் பட்டியலை மூடி வையுங்கள். சாம்பியன்ஷிப்பில் 24 அணிகள், 46 மேட்ச். ப்ரீமியர் லீக்கில் 20 அணிகள், 38 மேட்ச். மொத்தப் புள்ளியை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை, ஒரு மேட்சுக்கு எத்தனை என்று வகுத்துப் பாருங்கள். வின்சென்ட் கொம்பனியின் பர்ன்லி 2022-23ல் 101 புள்ளி எடுத்தது, தோற்றது மூன்றே மேட்ச். மேட்சுக்கு 2.2 புள்ளி. அடுத்த சீசனில் அதே கோச், கிட்டத்தட்ட அதே ஆட்டமுறை, எடுத்தது 24 புள்ளி, மேட்சுக்கு 0.63. லெஸ்டர் 97 புள்ளி எடுத்து வந்து 25 புள்ளியில் முடித்தது. அதே சமயம் 2018ல் 99 புள்ளியோடு ஏறிய வுல்வ்ஸ், முதல் சீசனிலேயே ஏழாவது இடம் பிடித்தது. கீழே 97, 99, 101 எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும், மேலே போனதும்தான் யார் எப்படி என்று தெரிகிறது. அதனால் எவ்வளவு ஜெயித்தார்கள் என்பதை விட எப்படி ஜெயித்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

இங்கேதான் கொஞ்சம் நேரம் செலவழிக்கச் சொல்கிறேன். ஒரு சாம்பியன்ஷிப் மேட்சை எடுத்துக்கொண்டு பந்தின் பின்னாலேயே கண்ணை ஓட்டாமல், கோல்கீப்பர் கையில் பந்து இருக்கும் நேரங்களை மட்டும் கவனியுங்கள். அவர் பக்கத்திலேயே நிற்கும் சென்டர் பேக்குக்கு (நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரர்) கொடுக்கிறார், சென்டர் பேக் மிட்ஃபீல்டருக்குக் கொடுக்கிறார், மிட்ஃபீல்டர் திரும்பி மேலே பார்க்கிறார். அந்தத் திரும்புகிற நேரத்தில் எதிரணி ஆள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்? சாம்பியன்ஷிப்பில் பலம் வாய்ந்த அணியை எதிர்த்து ஆடுபவர்கள் பெரும்பாலும் பின்னால் இறங்கி, தங்கள் பெனால்டி பாக்ஸ் முன்னால் கூட்டமாக நின்றுகொள்வார்கள், மிட்ஃபீல்டருக்கு நிதானமாகத் தலை தூக்கிப் பார்க்க நேரம் கிடைக்கும். ப்ரீமியர் லீக்கில் அந்த நேரம் கிடைக்காது. பந்து காலுக்கு வரும் முன்பே ஒருவர் முதுகில் ஏறியிருப்பார், இன்னொருவர் திரும்பிக் கொடுக்கும் வழியை அடைத்திருப்பார்.

சவுத்தாம்ப்டனை எடுத்துக்கொள்வோம். கோச் ரஸல் மார்ட்டின் கீழ் அவர்கள் பின்னாலிருந்து சின்னச் சின்ன பாஸாகக் கட்டி எழுப்பித்தான் 2024ல் ப்ளே-ஆஃப் (முதல் இரண்டு இடத்துக்குக் கீழே முடித்தவர்கள் மூன்றாவது வாய்ப்புக்காக மோதும் போட்டி) வழியாக மேலே வந்தார்கள். அந்த நவம்பரில் லிவர்பூலை சொந்த மைதானத்தில் சந்தித்தபோதும் அதையேதான் செய்தார்கள். தங்கள் பாக்ஸ் அருகே ஒரே ஒரு பாஸ் தவறி லிவர்பூலின் சொபோஸ்லாய் காலுக்குப் போனது, அவர் வளைத்து மூலையில் போட்டுவிட்டார். இத்தனைக்கும் அன்று சவுத்தாம்ப்டன் மோசமாக ஆடவே இல்லை, ஒரு கட்டத்தில் 2-1 என்று முன்னிலைகூட வகித்தது, கடைசியில் 3-2 என்று தோற்றது. அதே தவறைக் கீழ் லீக்கில் செய்திருந்தால் பாதி நேரம் பந்து கோல்போஸ்டுக்கு மேலே பறந்திருக்கும், யாரும் அதைத் தவறாகவே எழுதியிருக்க மாட்டார்கள். என்னைக் கேட்டால் இரண்டு லீக்குக்கும் உள்ள வித்தியாசத்தின் மையம் இதுதான்: தவறுகளின் எண்ணிக்கை அல்ல, தவறுக்கு எவ்வளவு சீக்கிரம் தண்டனை கிடைக்கிறது என்பது. அந்த சீசனில் ஏழு மேட்ச் மீதமிருக்கும்போதே சவுத்தாம்ப்டன் இறங்குவது உறுதியானது, கடைசியில் 12 புள்ளியோடு முடித்தது.

அதனால் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, தங்கள் பாதியில் எத்தனை முறை பந்தைப் பறிகொடுத்தார்கள், அதில் எத்தனை முறை எதிரணி வீணடித்தது என்று குறித்துப் பாருங்கள். வீணடித்தது நிறைய இருந்தால், அந்த அணி குறைவாகக் கோல் வாங்கியதற்குப் பாதிக் காரணம் எதிராளிதான்.

அடுத்தது ஸ்ட்ரைக்கர். இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். டீமு புக்கி 2018-19ல் நாரிச்சுக்காக சாம்பியன்ஷிப்பில் 29 கோல் அடித்தார், ப்ரீமியர் லீக் போனதும் 11. மறுபடி கீழே வந்து 26, மறுபடி மேலே போய் அதே 11. மிட்ரோவிச் 2021-22ல் ஃபுல்ஹமுக்காக 43 கோல் அடித்து சாம்பியன்ஷிப் சாதனையே படைத்தார், அதற்கு முந்தைய சீசனில் ப்ரீமியர் லீக்கில் அவர் அடித்தது மூன்று, அடுத்த சீசனில் 14. இவர்கள் ஆறு மாதத்தில் ஆட்டத்தை மறந்துவிடவில்லை, பின்னாலிருந்து வரும் பந்து குறைந்துவிட்டது. நாரிச் மொத்த அணியும் 93 கோலிலிருந்து 26 கோலுக்கு விழுந்தது. எனவே ஸ்ட்ரைக்கரின் கோல் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், ஒரு மேட்சில் அவருக்குக் கிடைத்த வாய்ப்பு எத்தனை, அதில் அவரே உருவாக்கிக்கொண்டது எத்தனை என்று பாருங்கள். இவான் டோனி, ஆலி வாட்கின்ஸ் போன்றவர்கள் மேலே வந்தும் முதல் சீசனிலேயே பத்துக்கு மேல் அடித்தார்கள். தனியாக நின்று பந்தைப் பிடித்து வைக்கவோ, இடைவெளி பார்த்து ஓடவோ தெரிந்தவர்களுக்கு வாய்ப்பு குறைந்தாலும் வழி இருக்கிறது.

மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சைப் பார்க்க மறக்காதீர்கள், அறுபதாவது நிமிடத்துக்குப் பிறகு யார் உள்ளே வருகிறார்கள் என்று. கீழே பதினோரு பேர் நன்றாக இருந்தால் ஓரளவு ஓட்டிவிடலாம். மேலே எதிரணி பெஞ்சிலிருந்து இறங்குபவர் சில நேரம் உங்கள் மொத்த அணியை விட விலை கூடியவராக இருப்பார்.

கோப்பைப் போட்டிகளை வைத்து மட்டும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். 2025 பிப்ரவரியில் எஃப்.ஏ. கோப்பையில் சாம்பியன்ஷிப் அணியான பிளிமத் லிவர்பூலை 1-0 என்று வீழ்த்தியது, அருமையான மேட்ச், அந்த ஊர்க்காரர்கள் வாழ்நாள் முழுக்கப் பேசத் தகுதியானது. ஆனால் லிவர்பூலின் முக்கிய ஆட்டக்காரர்கள் சாலாவும் வான் டைக்கும் அன்று வரவே இல்லை. அந்த சீசன் முடிவில் லிவர்பூல் லீக் சாம்பியன், பிளிமத் சாம்பியன்ஷிப்பிலிருந்தே இறங்கியது.

சரி, பணம். ப்ரீமியர் லீக்கிலிருந்து இறங்கும் அணிக்கு பாராசூட் பேமெண்ட் என்று ஒன்று உண்டு. மேலே உள்ள அணிகள் சமமாகப் பிரித்துக்கொள்ளும் டிவி வருமானத்தில் ஓர் அணிக்குக் கிடைக்கும் பங்கில் முதல் வருடம் 55 சதவீதம், இரண்டாம் வருடம் 45, மூன்றாம் வருடம் 20. ப்ரீமியர் லீக்கில் ஒரே சீசன் ஆடி இறங்கிவிட்டால் மூன்றாவது வருடம் கிடையாது. இந்தப் பணத்தோடு கீழே ஆடும் அணி மற்றவர்களை எளிதாக அடிக்கும், அதைப் பார்த்து "ப்ரீமியர் லீக் தரம்" என்று நாமும் சொல்லிவிடுவோம். அதனால் ஏறி வரும் அணி பாராசூட் பணத்தில் வந்ததா, இல்லாமல் வந்ததா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இல்லாமல் வந்த அணியின் 90 புள்ளியை நான் கூடுதலாக மதிப்பேன். ஆனால் பணம் இருந்தாலே கரையேறிவிடலாம் என்றும் இல்லை, லூட்டன் பாராசூட் பணத்தோடு இறங்கி அடுத்த வருடமே இன்னொரு படியும் கீழே போனது.

கடைசியாக ட்ரான்ஸ்ஃபர் விண்டோ, அதாவது ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் காலம். வுல்வ்ஸ் ஏன் பிழைத்தது? சாம்பியன்ஷிப்பில் ஆடும்போதே ரூபன் நெவஸ், டியோகோ ஜோட்டா அணியில் இருந்தார்கள், ஏறியதும் மவுட்டீன்யோ, ரூயி பட்ரீசியோ, ரவூல் ஹிமெனெஸ் வந்து சேர்ந்தார்கள். 2025ல் ஏறி வந்த சண்டர்லாந்து அனுபவமுள்ள மிட்ஃபீல்டர் கிரானிட் ஜாகாவை வாங்கியதும் இதே யோசனைதான், நெருக்கடியில் பந்தை வாங்கித் திரும்பத் தெரிந்த ஒருவர் நடுவில் வேண்டும். புது வரவுகளில் விங்கர்கள் எத்தனை என்று எண்ணாதீர்கள், கோல்கீப்பர், சென்டர் பேக், நடு மிட்ஃபீல்டர் இந்த மூன்று இடத்துக்கும் ப்ரீமியர் லீக்கிலோ அதற்கு இணையான லீக்கிலோ ஆடிப் பழகியவர் வந்திருக்கிறாரா என்று பாருங்கள். ப்ளே-ஆஃப் வழியாக வருபவர்களுக்கு இந்த வேலைக்கு நேரமும் குறைவு, மற்ற இருவரும் பல வாரம் முன்பே ஆள் தேட ஆரம்பித்திருப்பார்கள், இவர்களுக்கு மே மாதக் கடைசியில்தான் எந்த லீக் என்றே தெரியும். அதனால் அவர்களை மட்டும் ஆகஸ்டில் எடைபோடாமல், விண்டோ மூடிய பிறகு ஒரு நாலைந்து மேட்ச் விட்டுப் பாருங்கள்.