வெள்ளை வீட்டில் ஒரு கலர் சுவர்: முதன்முறை முயல்பவர்களுக்கு

மினிமலிசம் என்றாலே வெள்ளைச் சுவர், சாம்பல் சோபா என்று ஆகிவிட்டது. சாமான்களைக் குறைப்பது நல்லதுதான். அதற்காக நிறத்தையும் ஏன் துரத்த வேண்டும்? மெக்சிகோ நகரில் கட்டடக் கலைஞர் லூயிஸ் பர்ரகான் 1948-இல் தனக்காகக் கட்டிய வீடு எளிமைக்குப் பேர்போனது. அங்கே பளீரென்று பிங்க் சுவரும் உண்டு! அந்தத் துணிச்சல் நமக்கு உடனே வராது. ஹாலில் ஒரு சுவரோடு ஆரம்பிப்போம்.

1. உள்ளே நுழைந்ததும் கண்ணில் படும் சுவரைத் தேர்ந்தெடுங்கள். ஜன்னல் உள்ள சுவர் வேண்டாம். வெளிச்சத்துக்கு எதிரில் நிறம் கறுத்துத் தெரியும்.

2. பெயிண்ட் கடையின் ஷேட் கார்டை (நிற மாதிரி அட்டை) அப்புறம் பார்க்கலாம், முதலில் தரையைப் பாருங்கள். சுலபத்தில் மாற்ற முடியாத நிறம் அதுதான். ரெட் ஆக்சைடு தரைக்கு மேலே ஆரஞ்சு சுவர் எடுபடாது. மங்கலான பச்சை அழகாக இருக்கும். க்ரீம் டைல்ஸ் என்றால் கவலையே இல்லை. வீட்டில் பவானி ஜமுக்காளம் இருந்தால் விரித்து, அதன் பட்டைகளில் ஒரு நிறத்தை எடுங்கள். கார்டில் அதைவிட இரண்டு ஷேட் வெளிறியதை வாங்குங்கள். சின்னக் கட்டத்தில் மென்மையாகத் தெரிவது முழுச் சுவரில் அடர்த்தியாகிவிடும்.

3. இந்தப் படியை மட்டும் தயவுசெய்து தாண்டாதீர்கள். சாம்பிள் டப்பா வாங்கி, ஒரு வெள்ளை சார்ட் பேப்பரில் இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். அதைச் சுவரில் ஒட்டி காலை, மாலை, இரவு மூன்று வேளையும் பாருங்கள். மேற்கு ஜன்னல் வழியே வரும் மாலை வெயிலில் சிவப்பும் ஆரஞ்சும் இன்னும் சூடேறும். மஞ்சள் எல்இடி விளக்கில் நீலம் அழுக்கேறியதுபோல் மங்கும். பகலில் பிடித்த நிறம் இரவில் பிடிக்காமல் போவது சகஜம்.

4. சுவரில் ஓதம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் எந்த பெயிண்டும் உரியும். பிறகு பட்டி (பள்ளங்களை நிரப்பும் மாவுப் பூச்சு) பூசி, உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் என்ற அடிப்பூச்சும் அதன்மேல் இரண்டு கோட் எமல்ஷனும் (சுவர் பெயிண்ட்) அடியுங்கள். சுவர் மேடுபள்ளமாக இருந்தால் பளபளக்காத மேட் ஃபினிஷ் வாங்குங்கள், பளபளப்பு எல்லாக் குறையையும் காட்டிக்கொடுக்கும். ஓரத்து மாஸ்கிங் டேப்பைக் கடைசி கோட் முழுசாகக் காயும் முன்பே உரித்தால் கோடு சுத்தமாக வரும்.

5. மற்ற மூன்று சுவர்கள் ஆஃப் ஒயிட்டாக இருக்கட்டும். தூய வெள்ளை என்றால் கலர் சுவர் தனியாக வெட்டித் தெரியும்.

வாடகை வீடா? ஓனர் சம்மதிக்காவிட்டால், அந்த ஜமுக்காளத்தையே ஒரு கம்பியில் கோத்துச் சுவரில் தொங்கவிடுங்கள்.