பந்தயத் தடத்தில் முதல் நாள்: சொந்தக் காருடன் போகிறவர்களுக்கான செய்முறை விளக்கம்

என் அப்பா வடசென்னையின் தண்டையார்பேட்டையிலிருந்து சைக்கிள் மிதித்துச் சோழவரம் போய்க் கார்ப் பந்தயம் பார்த்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று பயன்பாடின்றிக் கிடந்த அந்த இடத்தில், 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. பிறகு அந்தக் கிளப் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனக்கென அமைத்த தடம் 1990-இல் திறக்கப்பட்டது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தடம்தான் இன்று மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்ற பெயரில் இயங்குகிறது. செங்குன்றம் தாண்டினால் எட்டிவிடும் தூரத்தில் இருந்த பந்தயம் நகரத்தின் மறுபக்கத்துக்குப் போய்விட்டதால், எங்கள் பகுதியில் வேகத்தின் மீது ஆசை கொண்ட இளைஞர்கள் பலருக்கு அங்கே போய் ஓட்டலாம் என்பதே தெரியாமல் போயிற்று. அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

நான் விளக்கப்போவது பந்தயத்தில் கலந்துகொள்வதை அன்று. பந்தயத்துக்கு இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளின் கூட்டமைப்பு வழங்கும் உரிமம் வேண்டும். ‘டிராக் டே’ எனப்படும் பயிற்சி நாளில், சாதாரண ஓட்டுநர் உரிமமும் நல்ல நிலையிலுள்ள சாதாரணக் காரும் வைத்திருப்பவர்கள், கட்டணம் செலுத்திப் பதிவு செய்துகொண்டு, முறை வைத்துச் சில சுற்றுகள் ஓட்டுவார்கள். அங்கே யாரும் யாரையும் முந்தி வெல்ல வேண்டியதில்லை.

முதல் படி: வீட்டிலேயே முடிக்க வேண்டிய இரண்டு வேலைகள்

உங்கள் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்து, வாகனத்தைப் பயன்படுத்துவதற்கான வரம்புகள் என்ற பகுதியைப் படியுங்கள். ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்குப் பயன்படுத்தும்போது காப்பீடு செல்லாது என்று நம் நாட்டின் வழக்கமான மோட்டார் பாலிசிகளில் எழுதியிருக்கும். தடத்தில் கார் தடுப்பில் மோதினால் செலவு முழுவதும் உங்களுடையது என்று எடுத்துக்கொண்டே போக வேண்டும். கடன் தவணை முடியாத காரையும், மறுநாள் காலையில் பிழைப்புக்கு வேண்டிய காரையும் கொண்டுபோகாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது, சாலையில் ஒத்திகை பார்க்கும் எண்ணத்தை விட்டுவிடுவது. எண்ணூர் விரைவுச் சாலை நள்ளிரவில் வெறிச்சோடிக் கிடப்பதாகத் தோன்றலாம். விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கும் ஒரு கண்டெய்னர் லாரி போதும், ஒரு குடும்பம் அழிவதற்கு. பொதுச் சாலையில் பந்தயம் விடுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பின் முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். வளைவில் காரைக் கையாளும் உணர்வு வேண்டுமென்றால், கார்ட் எனப்படும் சிறிய பந்தய வண்டிகளை ஓட்டும் ஒரு கார்ட்டிங் தடத்துக்குச் சென்று சில பத்து நிமிடங்கள் ஓட்டிப் பாருங்கள். அது மலிவு.

இரண்டாம் படி: காரைத் தயார் செய்தல்

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் என்ஜினைப் பற்றியே கேட்கிறார்கள். நான் பிரேக்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என் முதல் நாளில் என்னைக் கைவிட்டது அதுதான். மூன்றாம் முறை ஓடும்போது, நீண்ட நேர்த்தடத்தின் முடிவில் மிதித்த பிரேக் பெடல், பஞ்சை மிதித்ததுபோலத் தரை வரை இறங்கிற்று. விட்டு விட்டு மிதித்ததில் கொஞ்சம் பிடித்தது, தடத்துக்கு வெளியே அகலமான மண்வெளியும் இருந்தது, அதனால் காரும் நானும் தப்பினோம். காரணம், நான்கு ஆண்டுகளாக மாற்றாமல் விட்ட பிரேக் ஆயில்.

இது நடக்கும் விதத்தைப் புரிந்துகொள்வது அவசியம். ஓடும் காரின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. மணிக்கு 100 கிலோமீட்டரிலிருந்து நிறுத்துவதோடு ஒப்பிட்டால், 140-லிருந்து நிறுத்தும்போது ஏறக்குறைய இரண்டு மடங்கு வெப்பம் பிரேக் டிஸ்க்குகளில் இறங்குகிறது. சாலையில் அப்படி எப்போதோ ஒரு முறை செய்வோம், தடத்திலோ ஒவ்வொரு சுற்றிலும் பல முறை செய்கிறோம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறியபின் 140 வரை இறங்கலாம். டாட் 4 வகைக்கு அந்த அளவுகள் 230, 155. ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால் நம் காலின் அழுத்தம் சக்கரத்தை எட்டாமல் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகிறது. கடற்காற்றின் ஈரம் வீட்டுக்குள் வரை வரும் நம் பகுதியில் இதைக் கூடுதல் கவனத்துடன் பார்க்க வேண்டும். ஆகவே, போவதற்கு முந்தைய வாரத்தில், உங்கள் கார் கையேடு அனுமதிக்கும் டாட் 4 ஆயிலைப் புதிதாக மாற்றி, நான்கு சக்கரத்தின் பிரேக் குழாய்களிலும் சிக்கியுள்ள காற்றை வெளியேற்றச் சொல்லுங்கள். பிரேக் பேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

டயரில் வெடிப்போ வீக்கமோ இருக்கக் கூடாது. வீல் நட்டுகளைக் கையேட்டில் சொல்லப்பட்ட அளவுக்கு, முறுக்குவிசை காட்டும் ஸ்பேனரால் இறுக்கச் சொல்லுங்கள், ஏனெனில் குழாயைச் செருகி ஏறி மிதித்து முறுக்குவது நட்டின் மரையைக் கெடுக்கும். டிக்கியிலுள்ள ஸ்டெப்னி, ஜாக்கி, தண்ணீர்ப் பாட்டில், டேஷ்போர்டு பிள்ளையார், ஓட்டுநர் பக்கத்து மேட் ஆகிய அனைத்தையும் ஓடும் முன் வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும். உருண்டு வந்து பிரேக் பெடலுக்கு அடியில் சிக்கும் ஒரு பாட்டிலைவிடக் கொடிய பகை காருக்குள் வேறில்லை.

மூன்றாம் படி: உடலைத் தயார் செய்தல்

பருத்தித் துணியில் முழுக்கைச் சட்டையும் முழுக்கால்சட்டையும் அணியுங்கள். நைலானும் பாலியெஸ்டரும் தீயில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அடிப்பகுதி மெல்லிதாக உள்ள ஷூ போதும். ஹெல்மெட் கட்டாயம். கார்ப் பந்தயத்துக்கெனத் தீயைத் தாங்கும் உள்துணியுடன் செய்யப்படும், ஸ்னெல் என்ற அமைப்பின் ‘எஸ்ஏ’ தரச் சான்று பெற்ற ஹெல்மெட் சிறந்தது. பைக் ஹெல்மெட்டை ஏற்பார்களா என்று பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். மூடிய காருக்குள் சென்னை வெயிலில் ஹெல்மெட்டுடன் இருபது நிமிடம் இருந்தால் சட்டை பிழியும் அளவுக்கு வியர்க்கும். ஆகவே முந்தைய இரவே நன்றாகத் தண்ணீர் குடித்து, காலையில் இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: இருக்கையும் கொடிகளும்

விடியற்காலையில் கிளம்பி, துறைமுக லாரிகளின் வரிசையைத் தாண்டி, பூந்தமல்லி வழியாக ஏழு மணிக்குள் போய்ச் சேருங்கள். இருக்கையைச் சரிசெய்யும்போது இரண்டு அளவுகளைப் பாருங்கள். முதுகு இருக்கையில் பதிந்திருக்க, நீட்டிய கையின் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படிய வேண்டும். பிரேக்கை முழுவதும் அழுத்திய நிலையிலும் முழங்கால் சற்று மடிந்திருக்க வேண்டும். கைகள் கடிகாரத்தின் ஒன்பதும் மூன்றும் இருக்கும் இடங்களில் இருக்கட்டும்.

ஓட்டத் தொடங்கும் முன் நடக்கும் விளக்கக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்காருங்கள். மஞ்சள் கொடி என்றால் முன்னே ஆபத்து, வேகத்தைக் குறைக்க வேண்டும், முந்தக் கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டுவிட்டது, தடத்தை ஒட்டிக் கார்கள் நிற்கும் ‘பிட்’ பகுதிக்கு மெதுவாகத் திரும்ப வேண்டும். நீலம், பின்னால் வேகமான கார் வருகிறது என்பதற்கு. மஞ்சளில் சிவப்புக் கோடுகள், தடம் வழுக்குகிறது என்பதற்கு. கறுப்புக் கொடி உங்களுக்குக் காட்டப்பட்டால் உள்ளே வந்து அலுவலரைச் சந்திக்க வேண்டும். கட்டம் போட்ட கொடி அந்த முறையின் முடிவு. முந்துவது எங்கே, எப்படி என்பதை ஒவ்வொரு நாளும் அமைப்பாளர்கள் அறிவிப்பார்கள். பெரும்பாலும் நேர்த்தடத்தில் மட்டும், அதுவும் முன்னால் போகிறவர் கை காட்டி வழிவிட்ட பிறகே.

ஐந்தாம் படி: தடத்தில்

முதல் இரண்டு சுற்றுகள் டயரும் பிரேக்கும் சூடேறுவதற்கும், கொடிக்காரர்கள் நிற்கும் இடங்களை நீங்கள் பார்த்துக்கொள்வதற்கும் உரியவை. அதன் பின்னும் வேகத்தைத் தேடாதீர்கள். வளைவுக்கு வெளிவிளிம்பிலிருந்து நுழைந்து, உள்விளிம்பைத் தொட்டு, மறுபடி வெளிவிளிம்புக்கு விரியும் கோட்டைத் தேடுங்கள். அப்படிப் போனால் வளைவின் ஆரம் பெரிதாகிறது. டயரின் பிடிப்பு மாறாமலிருக்க, 50 மீட்டர் ஆரத்தில் 70 கிலோமீட்டர் வேகம் தாங்கும் கார், 80 மீட்டர் ஆரத்தில் ஏறக்குறைய 88 வரை தாங்கும். என்ஜினில் ஒரு ரூபாய் செலவழிக்காமல் கிடைக்கும் வேகம் இது. உள்விளிம்பைத் தொடும் அந்த இடத்தை ‘ஏபெக்ஸ்’ என்பார்கள். புதியவர்கள் அதைச் சீக்கிரமாகவே தொட்டுவிட்டு, வெளியேறும்போது இடம் போதாமல் திணறுவார்கள். ஆகவே சற்றுத் தாமதமாகத் தொடப் பழகுங்கள்.

பிரேக்கை நேர்த்தடத்திலேயே, ஸ்டியரிங் நேராக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். டயரின் பிடிப்பு, கையிலுள்ள ஒரே நூறு ரூபாயைப் போன்றது. அதை முழுவதும் பிரேக்குக்கே கொடுத்துவிட்டால் திரும்புவதற்கு மிச்சமிராது. பெடலை உதைக்காமல், அழுத்தத்தை விரைந்து ஏற்றி, முடிவில் மெல்ல விடுவியுங்கள். வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுக்காதீர்கள். அப்போது எடை முன்சக்கரங்களுக்குப் பாய்ந்து பின்பக்கம் இலகுவாகிவிடுவதால், முன்சக்கர இழுவைக் கார்கூடப் பின்பக்கத்தை வீசிச் சுழலும். அப்படிச் சுழன்றுவிட்டால் கிளட்ச், பிரேக் இரண்டையும் முழுவதும் மிதித்துக் கார் நிற்கும் வரை காத்திருங்கள். இரண்டு சக்கரம் மண்ணில் இறங்கினால் வெடுக்கென்று தடத்துக்குத் திருப்பாமல், நேராகவே விட்டு, வேகம் தணிந்ததும், பின்னால் கார் வருகிறதா என்று பார்த்த பிறகு ஏறுங்கள். வெடுக்கென்று திருப்புவதாலேயே கார்கள் உருளுகின்றன.

எல்லாவற்றிலும் கடினமானது கண்ணைப் பழக்குவது. மணிக்கு 120 கிலோமீட்டரில் கார் விநாடிக்கு 33 மீட்டர் ஓடுகிறது. துறைமுக வாசலில் நிற்கும் 40 அடிக் கண்டெய்னர்கள் மூன்றை அடுத்தடுத்து வைத்தால் வரும் தூரத்துக்குச் சற்றுக் குறைவு. பானெட்டுக்கு முன்னாலுள்ள தார்ச்சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தால், பார்த்த இடம் பார்த்தபோதே கடந்துவிடும். “தம்பி, கார் இருக்கிற இடத்தைப் பார்க்காதீங்க, போக வேண்டிய இடத்தைப் பாருங்க” என்று என் பக்கத்து இருக்கையில் அமர்ந்த பயிற்சியாளர் அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். பிரேக் பிடிக்கும்போது உள்விளிம்பையும், உள்விளிம்பை நெருங்கும்போது வெளியேறும் இடத்தையும் கண் எட்டியிருக்க வேண்டும். இது எனக்கு நான்காம் முறையில்தான் கைவந்தது. அதன் பிறகு கைகளின் பதற்றம் தானாகக் குறைந்தது.

நேரம் காட்டும் செயலியை முதல் நாளில் அணைத்து வையுங்கள். அதற்குப் பதிலாக ஒவ்வொரு சுற்றிலும் தடத்தோரத்திலுள்ள ஒரே பலகைக்கு அருகே பிரேக் பிடித்தீர்களா, ஒரே இடத்தில் உள்விளிம்பைத் தொட்டீர்களா என்று எண்ணுங்கள். அடுத்தடுத்து ஐந்து சுற்று அப்படி அமைந்தால் மட்டுமே பிரேக் பிடிக்கும் இடத்தை வளைவை நோக்கிச் சில மீட்டர் தள்ளுங்கள். குதிகாலும் விரலும் கொண்டு இரண்டு பெடலை மிதிக்கும் வித்தையெல்லாம் இப்போது வேண்டாம்.

ஆறாம் படி: ஒவ்வொரு முறைக்குப் பிறகும்

கடைசிச் சுற்றை பிரேக்கை அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டி, காற்றால் டிஸ்க்குகளை ஆறவிடுங்கள். பிட் பகுதியில் நின்றதும் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், கொதிக்கும் டிஸ்க்கில் பேட் ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். டயர் காற்றழுத்தம் சூட்டில் ஏறியிருக்கும். நான்கையும் அளந்து, ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, உங்கள் பயிற்சியாளர் சொல்லும் அளவுக்குக் குறையுங்கள். பெடல் முன்பைவிடத் தாழ இறங்கினாலோ, தலை கனத்தாலோ அடுத்த முறையை விட்டுவிடுங்கள். கட்டிய பணம் போகட்டும்.

மாலையில் எல்லாம் முடிந்தபின் காற்றழுத்தத்தைச் சாலை அளவுக்கு மீண்டும் ஏற்றி, வீல் நட்டுகளைச் சரிபார்த்து, எடுத்து வைத்த பொருள்களை டிக்கியில் அடுக்குங்கள். பிறகு ஒரு மணி நேரமாவது உட்கார்ந்திருந்துவிட்டுக் கிளம்புங்கள். நாள் முழுவதும் வேகத்தைப் பார்த்த கண்ணுக்கு 80 கிலோமீட்டர் 40 போலத் தெரியும். அந்தக் கண்ணோடு பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஏறுவது அன்றைய நாளின் மிகப் பெரிய அபாயம். முடிந்தால் உடன் வந்தவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து இருக்கையில் அமர்ந்து வாருங்கள்.