திறக்காத தரவுக் கோப்புகளை மீட்டது: என் அனுபவம்

படிப்பை முடித்துப் போன ஆய்வு மாணவரின் மூலத் தரவை ஆய்விதழ் கேட்டது. கோப்புகள் பத்திரமாக இருந்தன, ஆனால் திறக்கவில்லை. கருவியின் மென்பொருள் உரிமம் காலாவதி. நல்லவேளை, ஆய்வகத்துப் பழைய கணினியில் அது இன்னும் ஓடியது. எல்லாவற்றையும் சிஎஸ்வியாக, அதாவது தனி மென்பொருள் இல்லாமலே திறக்கும் எளிய அட்டவணைக் கோப்பாக மாற்றினேன். மூலக் கோப்புகளையும் வைத்துக்கொண்டேன். கருவியின் அமைப்பு விவரங்கள் சிஎஸ்வியில் வராது. இரண்டுக்கும் எஸ்எச்ஏ-256 செக்சம் (கோப்பு பின்னால் மாறியதா என்று காட்டும் சரிபார்ப்புக் குறியீடு) எடுத்து, படிக்க மட்டும் அனுமதியுள்ள கோப்புறையில் போட்டேன்.

அப்புறம் ரீட்மீ, அதாவது தரவை விளக்கும் குறிப்புக் கோப்பு. நேரத்தைத் தின்றது இதுதான். ‘டி2’ என்ற நெடுவரிசை எந்த வெப்பநிலை, செல்சியஸா கெல்வினா என்று மாணவரிடமே போனில் கேட்டு எழுதினேன். ரீட்மீயின் முதல் வரியிலேயே தரவை எப்போதிலிருந்து அழிக்கலாம் என்ற தேதி இருக்கிறது. எங்கள் விதிப்படி, தரவை வைத்திருக்க வேண்டிய காலத்தின் கணக்கு கட்டுரை வெளியான நாளிலிருந்து தொடங்குகிறது, தரவு எடுத்த நாளிலிருந்து அல்ல.